சாவி என் பையில்

ரிம்சான் நாற்பது மீற்றர் மேலே.
இறக்கக்கண்டிப் பாலம் அங்கிருந்து தீப்பெட்டி அளவாம்,
வோக்கியில் சொன்னான்.
எனக்குத் தெரிவது அவனுடைய சப்பாத்தின் அடி,
ஒரு கொக்கி கழன்றால்
மற்றக் கொக்கி பூட்டியிருக்கிறதா என்பது,
அவ்வளவுதான்.

கொழும்பிலிருந்து ஒருவர் "பவர் ஓஃப்" என்றார்.
நல்ல குரல்.
ஆனாலும் பிரேக்கரில் என் பூட்டைப் போட்டேன்.
சாவி என் காற்சட்டைப் பையில்
பஸ் மிச்சக்காசோடு கிடக்கிறது.
அவன் இறங்கும்வரை அந்தப் பைக்குள்
வியர்வை துடைக்க லேஞ்சி எடுக்கவும் கை விடமாட்டேன்.

பெட்டி ஏறியது. பதினெட்டுக் கிலோ.
கடற்காற்று அதை டவரில் மோதப் பார்க்கிறது.
வால்கயிற்றைச் சாய்ந்து இழுக்கிறேன்,
மாடு பிடிப்பவள் போலல்ல,
பட்டம் விடுபவள் போலவுமல்ல,
சும்மா, பதினெட்டுக் கிலோவை இழுப்பவள் போல.

பெட்டி இறுகிய பிறகுதான்
எர்த் பார்க்க மீட்டரோடு குனிந்தேன்.
செப்புப்பட்டியைக் காணோம்.
டவரின் காலில் ஒரு போல்ட்,
அதில் விரல் நீளத்துக்கு ஒரு மிச்சம்,
வெட்டுவாயில் பச்சை பிடித்திருந்தது.
ஏறுமுன் பார்த்திருக்க வேண்டும்.
படிவத்தில் அது மூன்றாம் வரி.
நான் ஐந்தாம் வரியிலிருந்து தொடங்கியிருந்தேன்.

ஏ.எல். புத்தகத்தில் இதற்குப் பெயர் புவித்தொடுப்பு.
மேலே ஆள்.
நடுவே இரும்பு.
கீழே பூமி இல்லை.

ஐப்பசி. புறாமலைக்கு அப்பால் வானம்
கறிச்சட்டியின் அடிபோல் இருந்தது.
"இறங்கு."
"கேபிள்தான் மிஸ் மிச்சம். பத்து நிமிசம்."
"இறங்கு ரிம்சான்."
"இடி தூரத்துலதானே—"
நான் பேசவில்லை. பொத்தானை அழுத்தி
மூச்சை மட்டும் மேலே அனுப்பினேன்.
இறங்கினான்.

மழைக்கு ஜெசீமா வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம்.
இடி கும்புறுப்பிட்டிப் பக்கமாய்ப் போய்விட்டது.
இங்கே ஒன்றும் விழவில்லை.
ஒரு வேலைநாள் நட்டம்.
தாமதக் காரணம் என்ற கட்டத்தில்
"முழக்கம்" என்று எழுதி, வெட்டி,
"மூன்றாம் வரி" என்று எழுதினேன்.

ஜெசீமா பிளேன்ரீ கொண்டுவந்தா.
"சிக்னல் எப்ப தங்கச்சி?"
"நாளைக்கு."
முற்றத்தில் ஆட்டுப்பட்டி.
படலையைக் கட்டியிருந்தது செப்புப்பட்டி.
நான் படலையைப் பார்த்தேன்.
அவ நான் பார்த்ததைப் பார்த்தா.
ஆடு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது.
"சீனி காணுமா?" என்று கேட்டா.
காணும் என்றேன்.

மறுநாள் செப்பு கொண்டுபோகவில்லை,
செப்புப் பூசிய இரும்பு.
வெட்டினாலும் பழைய இரும்புக்காரன் எடுக்கமாட்டான்.
இரண்டடி ஆழத்தில் நனைந்த உப்புமண்.
மீட்டர் முள் மூன்று ஓமில் வந்து உட்கார்ந்தது.
மூன்றாம் வரியில் சரி போட்டேன்.
பிறகுதான் அவன் பெல்டைக் கட்டினான்.

மேலே வேலை மெதுவாக நடந்தது.
மூட்டுக்கு நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும்,
ஓடு வேய்கிற மாதிரி.
கட்டுவதற்குக் கறுப்பு டை. வெள்ளை இந்த வெயிலில்
அடுத்த ஐப்பசிக்கு முன் நொறுங்கிவிடும்.
பெட்டிக்குள் நுழையுமுன் கேபிள்
ஒருதரம் கீழே தொங்கி வளைய வேண்டும்.
கேபிளைப் பிடித்துக்கொண்டே வரும் மழைத்தண்ணீர்
அந்த வளைவில் கொஞ்சம் நிற்கும்,
பிறகு வழி மறந்து சொட்டிவிடும்.
"தொங்கல் விட்டியா?"
"விட்டன் மிஸ்."
"போட்டோ அனுப்பு."
"சிக்னல் இல்லையே மிஸ்."
இரண்டு பேரும் சிரித்தோம், நாற்பது மீற்றர் இடைவெளியில்.

நாலு மணிக்கு அவன் சப்பாத்து மணலைத் தொட்டது.
அப்போதுதான் பையில் கை விட்டேன்.
முதலில் வந்தது ஐந்து ரூபாக் குற்றி.
பிறகு சாவி.

வான் ஏறும்போது ஜெசீமாவின் போன் அடித்தது,
ஆடு வெருண்டு படலையில் முட்டியது,
செப்பு அசையவில்லை.
"ஆட்டுக்கும் எர்த் இருக்கு" என்றான் ரிம்சான்.