உறை எண் 61

கதிரவெளியில் இருபது. உன்னிச்சையில் இருபது.
தாந்தாமலையில் பதினெட்டு,
மிச்ச இரண்டு பாலைக்குக் கீழே யானை நின்றது.
சாகாமத்தில் மூன்றே மூன்று.

மரத்துக்கு ஐந்து இலை, ஓர் உறை, ஓர் எண்.
உறைக்குள் நீல மணிகள்
இலையின் ஈரத்தைக் குடித்துக் குடித்து
இளஞ்சிவப்பாகும்.
ஆட்டோவின் பின்சீட்டில் காடு சரசரக்கிறது.
ஓட்டுகிறவன் அஸ்மீர், இறக்காமம்.
"இவ்வளவத்தையும் சுண்டினா
ஒரு சட்டி காணாதே" என்கிறான்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதன் பெயர்
குடித்தொகை.
மற்ற ஊர்ப் பிள்ளைகள் பாடமாக்கிப் போயிருப்பார்கள்.
எங்கள் வகுப்பில் சிரிப்பு எழுந்தது,
"என்ன குடி, டீச்சர்?"
கலியாணப் பேச்சில் முதலில் விழும் கேள்வி,
கோயில் திருவிழா யாருக்கு எத்தனையாம் நாள் என்று
நீதிமன்றம் வரை போன கேள்வி,
அம்மாவும் அம்மாவின் அம்மாவும்
அவளுடைய அம்மாவும் மட்டும் பதில் தெரிந்த கேள்வி.

பாலைக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு.
இலையின் பச்சையவுருமணி
விதையோடுதான் வரும், தாய் கொடுத்தது.
மகரந்தம் அதைச் சுமப்பதில்லை.
அப்பன் தேனீயின் காலில் ஏறி ஆற்றைத் தாண்டுவான்.
தாய்வழியோ
பழம் தின்ற கரடி நடக்கும் தூரம்தான் போகும்.
(இந்த வரியை என் மேற்பார்வையாளர் வெட்டிவிடுவார்.)

அறுபத்தொன்று
வட்டைக்கு நடுவே மேட்டில் தனியே நின்றது.
சுற்றிவர வரம்பு, மடை, கொக்கு.
அடுத்த பாலைக்கு நாலு கிலோமீற்றர்.
வயல்காரர் குணநாயகம் மண்வெட்டியை ஊன்றினார்.
"தறிக்கத்தான் இருந்தன்.
மில்லுக்காரன் வந்து தட்டிப் பாத்தான்.
உள்ளுக்கு ஷெல் துண்டு கிடக்காம்,
வாளுக்குப் பல்லுப் போயிருமாம்.
மறுகா ஒருத்தரும் கேக்கல்ல.
தொண்ணூறாம் ஆண்டில..."
என்று தொடங்கியவர்
அஸ்மீரைப் பார்த்தார். நிறுத்தினார்.
அஸ்மீர் வாய்க்காலைப் பார்த்தான்.
நான் இலையை எண்ணினேன்.
ஐந்து. திரும்பவும் ஐந்து.

தையில் பறித்த இலை
ஆனியில் திரையில் எழுத்தாய் ஓடியது.
கதிரவெளிக்கும் தாந்தாமலைக்கும்
பிறகு போய்ப் பறித்த பாணமைக்கும்
ஒரே எழுத்து, ஒரே வரிசை,
கொட்டாவி வரும் அளவுக்கு ஒரே தாய்.
அறுபத்தொன்றில் மட்டும்
ஓர் எழுத்து வேறு.

என் கைப்பிழை என்றுதான் எண்ணினேன்.
இன்னொரு இலை. பிறகு இன்னொன்று.
மூன்றாம் முறையும் அதே இடத்தில்
அதே எழுத்து அசையாமல் இருந்தது.
அப்படியானால் அங்கே ஒரு காடு இருந்திருக்கிறது,
தனக்கென்று ஒரு தாயோடு.
மற்றப் பிள்ளைகள் கதவுநிலை,
கட்டில்கால், சூளை விறகு, காவலரண்.
இரும்பு தைத்த பிள்ளை மட்டும் மிச்சம்.

பழம் பொறுக்கப் போனோம்.
மரத்தடியில் ஒரு கன்றும் இல்லை,
இரண்டு போகமும் உழவு மெஷின்.
அரைவாசிப் பழம் தண்ணீரில் மிதந்தது.
பிதுக்கிப் பார்த்த விதையில் பாதி சப்பை.
துணையில்லாத மரம் தன் பூவுக்குத் தானே
தூள் போட்டிருக்கும்.
நல்லதாய் நாற்பது தேறியது.
பையை முன்சீட்டில் வைத்தது என் பிழை.

காட்டோர வீதியில்
அஸ்மீர் சப்பிச் சப்பித் துப்பிக்கொண்டு வந்தான்.
"விதை! விதை!" என்று கத்தினேன்.
"கரடிட வேலைய நான் செய்றன்" என்றான்.
எட்டு. ஒன்பது.
எந்த வளைவில் எது விழுந்தது என்று
குறித்துக்கொள்ளவும் முடியவில்லை.
கோபத்தில் நானும் ஒன்றை வாயில் போட்டேன்.

"உங்கட குடி என்ன?" என்று கேட்டான் திடீரென.
"எங்களுக்கும் இரிக்கி, உம்மா வழி."
தன்னுடையதைச் சொன்னான்.
அந்தப் பெயரை அதற்கு முன்
ஒரே ஒருத்தி வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறேன்.

பாலைப்பழத்தின் பால் பிசின் மாதிரி.
உதடு இரண்டும் ஒட்டிக் கிடந்தன.
ஆட்டோ அடுத்த பாலத்தைத் தாண்டியது.