மூன்று பன்னிரண்டு

புண்டா அரேனாஸில் காற்று முற்றும் நாளில்
தெருவோரம் கயிறு கட்டிவிடுவார்கள்,
ஆள் பறந்துவிடாமல் இருக்க.
அந்தக் கயிற்றைப் பிடித்தபடி வந்தார்
எலியோடோரோ பாரியா,
கோட்டுக்குள் ஒரு லேப்டாப்.
மகளின் பட்டமளிப்புப் படங்கள், என்றார்.
வேறொன்றும் வேண்டாம் என்றும் சொன்னார்,
நான் கேட்காமலே.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிச் செருகினேன்.
டக்.
சற்று நேரம் கழித்து, டக்.
யாரோ கதவைத் தட்டிவிட்டுத் தயங்குவதுபோல.

இதை ஃப்ரீசரில் வைத்தீர்களா?
மச்சான் சொன்னான், வைத்தேன்.
எத்தனை நாள்?
இரண்டு. நண்டுக்குப் பக்கத்தில்.

அவசரம் கூடாத வேலை இது.
கேட்டதும் தரும் இடங்களை முதலில் வாங்கிக்கொண்டு
முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய்
பின்பக்கமாகத் திரும்பிவந்து
ஓரம் ஓரமாகச் சுரண்ட வேண்டும்.
கடன் கொடுத்தவன் குரலில் அல்ல,
வாங்கப் போனவன் குரலில்.
நாற்பத்தோரு மணி நேரம்.
தலை தப்பியது. டிஸ்க்கின் தலையைச் சொல்கிறேன்.

இதன் கோப்பு முறைமை எதையும் நேரே செய்யாது.
செய்யப்போவதை முதலில் ஓர் ஏட்டில் எழுதும்,
முடித்துக் கையெழுத்துப் போடும்,
அப்புறம்தான் கை வைக்கும்.
நடுவில் மின்சாரம் போனால்
விழித்ததும் ஏட்டைப் புரட்டி
விட்ட வேலையை முடித்துவிடும்,
எதற்கு என்று கேட்காத வேலைக்காரன்.
ஆகவே அதை எழுப்பவில்லை நான்.
பிரதியை மட்டும், படிக்க மட்டும், திறந்தேன்.

ஏட்டின் கடைசி வரி:
ஜனவரி பத்தொன்பது, அதிகாலை 3:12,
ஒரு ஃபோல்டரை அழி.
கையெழுத்து இருக்கிறது.
அழிப்பு இல்லை.
பேட்டரி முந்திக்கொண்டது.

படங்கள் எல்லாம் வந்துவிட்டன என்றேன்.
கருப்பு அங்கி, பூங்கொத்து, கண்ணை மூடிவிட்ட ஒரு சித்தப்பா.
அவர் பார்க்கவே இல்லை.
நான் அழித்தேனே ஒன்று,
அது அழிந்ததா? என்றார்.

அழி என்று எழுதியிருக்கிறீர்கள்.
அழியவில்லை.
இரண்டும் உண்மை.
ஏட்டை ஓடவிட்டால் ஒன்றுதான் மிஞ்சும்.

கெட்டிலில் தண்ணீர் கொதித்து அடங்கியது.
திறங்கள், என்றார்.

படகின் வழித்தடம்.
நண்டுக்குத் தடைபோட்ட மாதம்,
தடைபோட்ட கால்வாய்.
நிபால்டோ கடலில் விழுந்த இரவு.
படகு அங்கே போகவேயில்லை என்று
துறைமுக அலுவலகத்தில் அவர் கொடுத்த வாக்குமூலம்
ஊருக்கே தெரியும்.
தேடாமல் வந்துவிட்டான் என்று
ஊர் பேசியதும் தெரியும்.

திரையில் சிவப்புக் கோடு
கால்வாய்க்குள் நுழைந்தது, நின்றது,
பிறகு ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி,
நூல்கண்டு சிக்கியதுபோல,
ஒன்று, இரண்டு, எட்டு.
ஒன்பதாவது சுற்றின் நடுவே
படிக்க முடியாமல் போன செக்டர்கள்.
மென்பொருளுக்கு வெற்றிடம் பிடிக்காது,
இந்த முனையையும் அந்த முனையையும் சேர்த்து
நேராக ஒரு கோடு இழுத்துவிட்டது,
குட்டித் தீவு ஒன்றின் குறுக்கே,
மரங்களுக்கு மேலே.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
கண்ணாடியில் காற்று மணலை எறிந்தது.
விரலைத் தீவின்மேல் வைத்து,
இது தப்பு, என்றார்.
நான் கரையை ஒட்டிப் போனேன்.
விளக்கை அடித்துக்கொண்டே போனேன்.

எழுதிக்கொள்ளுங்கள், என்றார்.