இருபது எண்கள்

சாட்ஸ்வொர்த் முனைக்கடைப் பையன் கேட்டான்,
"யார் பேருக்கு, ஆன்ட்டி?"
நாற்பத்தோரு வருடம்
அவர் பேருக்குத்தான் வாங்கினேன்,
மின்சாரமும் வசவும்.

"தனபாக்கியம்" என்றேன்.
எழுத்துக் கூட்டிச் சொல்லவேண்டியிருந்தது
அவனுக்கு.
கொஞ்சம் எனக்கும்.

ஐம்பது ராண்டுக்கு ஒரு துண்டுச் சீட்டு,
அதில் இருபது எண்கள்.

பின்கட்டு அறை. ஒரு பாய், ஒரு கெட்டில்,
ஆலையின் கடைசிச் சம்பளத்தில் வாங்கிய கத்தரிக்கோல்.
"அறுபத்து மூணுல எங்க போயிடுவ?"
டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.
நான் சொல்லவில்லை.
எட்டாவது பஸ் நிறுத்தம்தான்.

மீட்டர் உயரத்தில் இருக்கிறது.
வாளியைக் கவிழ்த்து ஏறினேன்.
கண்ணாடி வேறு அங்கேயே, அவர் மேசையில்.
முதல் தடவை எரர்.
ஏழா, ஒன்றா?
இரண்டாம் தடவையும்.
வெளியே தூறல். பக்கத்து வீட்டில் யாரோ
மத்தி வறுக்கிறார்கள்.

ஏழு என்றே வைத்துக்கொண்டு
ஒவ்வொன்றாக அழுத்தினேன்.

பல்பு எரிந்தது.

உடனே இறங்கவில்லை.
வாளி மேலேயே நின்றிருந்தேன்.
எதிர்ச்சுவரில் ஒரு பல்லி.
அதுவும் பயந்துதான் போயிருந்தது.