எழுபத்தெட்டு வீதம்

வலது முழங்கால்
இருபத்திரண்டு வீதம் நிரந்தர இயலாமை என்று
சட்ட வைத்தியர் எழுதித் தந்திருக்கிறார்.
மிச்ச எழுபத்தெட்டும் என்னிடம் இருக்கிறதாம்.
காப்புறுதிக் கொம்பனி அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

குந்தி இருந்தால்தான் ஐயா மாபிள் பதிக்கலாம்.
எழுபத்தெட்டு வீதம் குந்திக் காட்டட்டோ?

நாவற்குழிப் பாலம் கழிய
மணல் ஏற்றின டிப்பர். தார்ப்பாய் இல்லை.
கண்ணுக்குள் மணல் விழ
ஒரு கையை எடுத்துத் துடைத்தேன்.
அவ்வளவும்தான் எனக்குத் தெரியும்.
மிச்சத்தைப் பொலிஸ்காரரின் வரைபடத்தில் பார்த்தேன்:
சைக்கிள் ஒரு கோடு,
நான் ஒரு புள்ளடி,
டிப்பருக்கு ஒரு பெட்டி.
பெட்டியை மட்டும் அடிமட்டம் வைத்துக் கீறியிருந்தார்கள்.

"மாசம் எவ்வளவு உழைச்சனீங்கள்?
பில் ஏதும் இருக்கோ?"
சட்டத்தரணி துவாரகி கேட்கிறா.
"இல்லாட்டி நீங்கள் வேலை செய்ததுக்கே
அத்தாட்சி இல்லை எண்டு சொல்லுவினம்."

அத்தாட்சி இருக்குப் பிள்ளை.
கோண்டாவிலில் இரண்டு, இணுவிலில் ஒன்று,
சுன்னாகத்தில் மேல்மாடியோடு ஒன்று.
எல்லாம் பூட்டு.
ஆட்கள் ஸ்காபரோவில்.

சுபோதினி ஸ்கூட்டியை ஓட்ட
ஊன்றுகோலைக் குறுக்கே வைத்துக்கொண்டு
வீடு வீடாய்ப் போனோம்.
கண்ணாடியில் நெற்றியை முட்டி உள்ளே பார்த்தேன்.
என் நிலம்.
ஒரு மூலையும் விலகவில்லை, ஒரு கோடும் சரியவில்லை.
தூசி மேலே
ஒரு பூனை நடந்த தடம்,
அறைக்குள் போய்
திரும்பி வராத தடம்.

பாஸ்கரமூர்த்தி குரல்பதிவு அனுப்பினார்:
"கடிதம் தரலாம் அண்ணை, தராமல் என்ன.
எவ்வளவு தந்தனான் எண்டு மட்டும் எழுதேலாது.
அரைவாசி தம்பியின்ர காசு,
அவனுக்கு வேற கணக்குச் சொல்லியிருக்கு."
பின்னால் பனி வழிக்கிற சத்தம் கேட்டது.

கொம்பனி ஆள் வீட்டுக்கு வந்தான்,
ஒரு பை முந்திரிகைப் பழத்தோடு.
மூன்றரை லட்சம்.
இன்றைக்குக் கையெழுத்து, வெள்ளிக்கிழமை காசோலை.
"வழக்கெண்டால் ஆறு வருசம் அண்ணை,
நான் உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்."
அவன் போன பிறகும்
சுபோதினி அந்தப் பழத்தைக் கழுவவில்லை.
மூன்றாம் நாள் எறும்பு வந்தது.
கடையில் கடன் எண்பத்தாறாயிரம்.
நான் கையெழுத்து வைக்கவில்லை. ஏன் என்று அவள் கேட்கவுமில்லை.
கேட்டிருந்தால் வைத்திருப்பேன்.

சாவகச்சேரி நீதிமன்ற விறாந்தையில்
பக்கத்து வாங்கில் டிலக்சன்.
டிப்பர் ஓட்டினவன். இருபத்துமூன்று வயது,
பரந்தன் பக்கம்.
"கால் எப்பிடி அண்ணை?"
"இருக்கு."
கொஞ்ச நேரம் சப்பாத்து நுனியைப் பார்த்தான்.
"தார்ப்பாய் கேட்டனான் அண்ணை. முதலாளி தரேல்லை.
நாலு லோட் எண்டால்தான் சம்பளம்.
அதை உள்ளுக்குச் சொன்னால் எனக்கு..."
அதோடு நிறுத்திவிட்டு
தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.
வாங்கிக் குடித்தேன். வெயில்.

இந்த விறாந்தை இருநூற்றுப் பத்துச் சதுர அடி.
கழிவோடு இருநூற்று முப்பதுக்கு மாபிள் வேணும்.
மூன்று நாள் வேலை, ஒரு கையாள்.
பார்த்த உடனே சொல்லுவேன், ஐந்து சதம் பிசகாது.
என் நட்டம் எவ்வளவு என்றால்தான்
நாக்கு எழும்புதில்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். பிழையாய்த்தான் கூப்பிட்டார்கள்.
எழும்பி உள்ளே போகுமுன்னம்
எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குச் சுகமில்லை,
தவணை மார்ச் பதினெட்டு.

திரும்பும்போது
ஊன்றுகோல் நுனி ஒரு மாபிளில் பட்டது.
டொக்.
நின்று, இன்னொருதரம் தட்டினேன்.
டொக்.
பொள்ளல். கீழே சாந்தில்லை, வெறும் காற்று.
மாரி கழிய இது கிளம்பும்.
ஆர் பதிச்சவனோ தெரியாது.
பில் குடுத்திருப்பான்.