இரண்டு திரை, ஒரு பெட்டி

விற்கலாமென்றால் இன்னும் பத்தொன்பது மாதம்.
ஐந்தாண்டு விதி.
அதுவரை இந்தப் பொங்கோல் வீட்டில்
படுக்கையறை யோகேஸுக்கு, கூடம் எனக்கு,
குளிர்பெட்டியில் மேல்தட்டு அவளுடையது.
எல்லாம் பிரித்தாயிற்று.
டிவிப் பெட்டி ஒன்றுதான் இருந்தது.

இன்னொன்றுக்கு மாதாமாதம் கட்ட
இரண்டு பேருக்கும் மனமில்லை.
நெடுநாள் கழித்து ஒரு விஷயத்தில்
ஒத்துப்போனோம்.

சிம் லிம் கடைக்காரர்
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாய்
இரண்டு கறுப்புப் பெட்டிகளை எடுத்துவைத்தார்.
ஒன்று அனுப்பும், ஒன்று வாங்கும்.
"புதுசா ஒயர் இழுக்க வேண்டாம்லா,
சுவத்துக்குள்ள ஏற்கெனவே இருக்கும்."

இருந்தது.
சாவி வாங்கிய நாளிலிருந்தே இருந்திருக்கிறது.
கூடத்திலிருந்து ஒன்று, படுக்கையறையிலிருந்து ஒன்று,
இரண்டும் பாம் ஷெல்டருக்குள் வந்து
ஒரு வெள்ளை மூடிக்குப் பின்னால்
முனையோடு முனை தொடாமல்.
அந்தச் சுவரில் துளை போடக்கூடாது, வைஃபையும் நுழையாது.
அரிசி மூட்டைக்கும்
அவள் கட்டிவைத்து அனுப்பாத அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவே
குந்தி உட்கார்ந்தேன்.

எட்டு இழை.
வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம்,
வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.
பச்சை ஜோடியைப் பிரித்து
நடுவில் நீலத்தை உட்கார வைக்க வேண்டும்.
ஏனென்று கேட்டால் அப்படித்தான்.
இரண்டிரண்டாக முறுக்கியிருப்பது
வெளி இரைச்சல் ஏறாமலிருக்க;
முறுக்கை அரை விரலுக்கு மேல் பிரித்துவிட்டால்
படத்தில் பொரி பறக்கும்.
மூன்று முனை வெட்டி எறிந்தேன்.
நான்காவதற்கு
வாசலில் நின்று கைபேசி விளக்கை அடித்தாள்,
உள்ளே வராமல்.

என் திரை புதிது, நான்கு கே.
அவளுடையது எங்கள் கல்யாணத்துக்கு
அவள் அலுவலகத்தில் சேர்ந்து வாங்கித் தந்தது.
பெட்டி இரண்டையும் விசாரிக்கிறது,
பிறகு இளைத்ததற்கு இறங்கிவிடுகிறது.
ஐம்பத்தைந்து அங்குலத்தை வைத்துக்கொண்டு
அவள் தரத்தில்தான் பார்க்கிறேன்.
யாரிடம் முறையிட?

ரிமோட்டின் கண்சிமிட்டலும்
அதே ஒயரில் திரும்பி வரும்.
எட்டரைச் செய்தியில் அமைச்சர் வாய் திறக்கும்போது
கொரிய நாயகி ஒருத்தி அழ ஆரம்பிப்பாள்.
முதல் வாரம் சண்டை.
பிறகு அவள் எப்படியும் அழட்டும் என்று விட்டுவிட்டேன்.
பதினோராம் பாகத்தில்
மாமியார்மேல் எனக்கும் சந்தேகம்.

மலிவுப் பெட்டி அல்லவா,
அவள் பக்கம் படம் கொஞ்சம் பிந்தித்தான் போய்ச் சேரும்.
இருமி முடிக்கும் நேரம்கூட இல்லை.
ஆனால் ஞாயிறு பின்னிரவு ஆட்டத்தில்
வாட்ஸ்அப் வந்தது:
"கோல் விழுறதுக்கு முன்னாடியே கத்தாதே."

அன்றிலிருந்து
வலை குலுங்கினால் தலையணையைக் கடித்துக்கொள்கிறேன்.
கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கத்தியதும்
நான் கத்துகிறேன்.

நேற்று எண்பத்தேழாம் நிமிடம்
படம் அப்படியே நின்றது.
பந்து, கோலியின் கையுறைக்கு ஒரு சாண் தள்ளி.
ஒயரோ என்று எழப்போனேன்.
அறைக்கதவு திறந்தது.
என்னைத் தாண்டிச் சமையலறை.
குழாய். டம்ளர் வைக்கும் ஓசை.
கீழே எல்ஆர்டி
விளக்கெரிய, ஆளில்லாமல் வளைந்து போனது.

என் ரிமோட் என் மடியிலேயே கிடந்தது.
ஒரு பொத்தான் போதும்.
அந்தரத்தில் நின்ற பந்தையே
பார்த்துக்கொண்டிருந்தேன்,
அவள் தண்ணீர் குடித்து வரும்வரை.