எந்த வெள்ளம்

தருமபுரிக்காரன் நான்.
மாற்றலாகி வந்த இடம் நாகர்கோவில்,
கட்டுப்பாட்டு அறை. மூன்று போன்,
ஒரு கணினி, சுற்றுவதைவிட
முனகுவது அதிகமான ஒரு மின்விசிறி.

மே மாதம். முதல் அழைப்பு:
"சாரே, எட்டு நாளாட்டு வெள்ளம் இல்ல."
நல்லதுதானேம்மா, என்றேன்.
மறுமுனை கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு பக்கத்தில் யாரிடமோ,
"இவனுக்குக் கிறுக்கு" என்றது.

அடுத்த மேசை எட்வின் றோய்
சிரித்த சிரிப்பில் டீ கொட்டிப் போனது.
இங்கே தண்ணீருக்குப் பெயர் வெள்ளம்.
உலையில் கொதிப்பது வெள்ளம்.
விக்கலுக்கு ஒரு வாய் வெள்ளம்.
எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேலையே கிடையாது;
நாலாம் வகுப்புப் புத்தகத்தில்
ஒரு மாடு மிதக்கும் படத்தின் கீழே
அச்சாகி இருந்ததோடு சரி.

"எங்களுக்கு ரெண்டு மழை" என்பார் றோய்.
இடவப்பாதி கன்னிப்பூவுக்கு,
துலாமழை கும்பப்பூவுக்கு.
இரண்டு வீட்டில் விருந்துக்குச் சொல்லிவைத்தவன்
பட்டினி கிடந்த கதையாக
அந்த வருடம் இடவத்தில் வரவில்லை,
மிதுனத்தில் வரவில்லை,
கர்க்கடகத்தில் இரண்டு தூறல்,
துணி எடுக்க ஓடியவர்கள்
பாதி வழியில் திரும்பினார்கள்.

பறக்கைப் பக்கம் கடைமடையில்
அறுபது சென்ட் பாட்டத்துக்கு எடுத்திருந்த தாணுலெட்சுமி
தினமும் பதினொரு மணிக்குக் கூப்பிடுவார்.
"அணை திறந்தாச்சுன்னு பேப்பர்ல கெடக்கு.
வெள்ளம் எதுவரைக்கும் எத்திச்சுன்னு
கேட்டுச் சொல்லுங்க."
கேட்டுச் சொல்வேன். ஒழுகினசேரி தாண்டவில்லை.
"போர்வெள்ளம் உப்பு சாரே.
பயறு வேக மாட்டேங்குது."
பயறுக்கு என் கணினியில் கட்டம் இல்லை.
குடிநீர், பாசனம், வெள்ளம்: மூன்றே கட்டம்.
அவர் வெள்ளம் என்பார்,
நான் பாசனம் என்று தட்டுவேன்.
நான்கு மாதத்தில் கை பழகிவிட்டது.
பாஷை படித்துவிட்டேன் என்று
ஊருக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

துலாத்தில் ஒரு ராத்திரி
மூன்று மாத மழை மூன்று மணி நேரத்தில் இறங்கியது.
மூன்று பத்துக்குப் போன்.
"சாரே, வெள்ளம் வந்தாச்சு."
பின்னால் ஆடு கத்தியது.
அப்பாடா, சந்தோஷம்மா, என்றேன்.
பாசனம். தீர்வு காணப்பட்டது.
ஒரு கிளிக். பச்சை நிறம்.

மூன்று நாற்பதுக்கு மூன்று போனும் சேர்ந்து அடித்தன.
மணக்குடியிலிருந்து வள்ளம் ஏற்றிய லாரி
பட்டியலைப் பார்த்துப் பார்த்துப் போனது.
பச்சை நிறம் பட்டியலில் வராது.

அவர் ரேஷன் கடையின் மொட்டைமாடியில்
இரண்டு ஆடுகளோடு
மறுநாள் மதியம்வரை இருந்திருக்கிறார்.
நாற்றங்கால் இருந்த இடத்தில்
பழையாறு இருந்தது.
குடிக்க, முந்தானையைப் பிழிந்த மழை.

நானே கூப்பிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன்.
"நீங்க சந்தோஷம்னு சொன்னேளா,
அப்ப ஆள் வந்துரும்னு நெனச்சேன்" என்றார்.
பிறகு, பாசன மோட்டாருக்கு நிவாரணம் உண்டா என்று கேட்டார்.

இப்போதெல்லாம் யார் சொன்னாலும்
எந்த வெள்ளம் என்று கேட்கிறேன்.
சிலர் எரிந்து விழுகிறார்கள்.
ஒருவர் யோசித்து, "முட்டளவு" என்றார்.
ஒருவர், "நாளைக்கு ஒரு குடம்."

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன்.
பஸ் அலுப்பில், வாய் தவறி,
அம்மா, கொஞ்சம் வெள்ளம் என்றேன்.
"எங்கேடா?"
கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு
வாசலுக்கு ஓடி,
ஆறு வருடமாக ஊர்ப்பையன்கள்
கிரிக்கெட் ஆடும் ஏரியை
எட்டி எட்டிப் பார்த்தாள் அம்மா.
அவள் முகத்தில்
பயம் இல்லை.