சர்க்கரைக்காரன் விதைத்த உளுந்து

தை பிறந்து நாலாம் நாள்
வலங்கைமான் டிப்போவில் பச்சைப் பொடி வாங்கினேன்.
"கிலோவுக்கு நாலு கிராம். நிழல்ல உலர்த்துங்க,
வெயில் பட்டா செத்துடும்"
என்றார் தையல்நாயகி மேடம்.
செத்துடும் என்றபோதுதான்
அது உயிரோடிருப்பது உறைத்தது.
சைக்கிள் கூடையிலிருந்து எடுத்து
மடியில் கட்டிக்கொண்டேன்.

விதையில் ஒட்ட வெல்லம் கரைத்தேன்.
மூன்று வருடமாய் என் டீயில் விழாத வெல்லம்.
விரலை நக்கப்போனேன்,
புனிதவல்லி பார்த்தாள்.
உளுந்திலேயே துடைத்தேன்.

இலை வெயிலில் காய்ச்சும் சீனியில்
கொஞ்சம் வேர்வழி கீழே கசியுமாம்.
பூஞ்சை அதை இரண்டாய் நறுக்கித்தான் தின்னுமாம்.
தின்ற தெம்பில் நூல் நூலாய் நீண்டு
வேரின் தோலுக்குள் குடிவருமாம்.
அதற்குமேல் செடி சுவர் எழுப்பிவிடும்:
கூடம்வரை வா,
அடுப்படிக்கு வராதே.

சீனியைக் கொடுத்தால் பயிர் இளைக்காதா, கேட்டேன்.
"கேக்க ஆள் இருந்தா
இலை கூடுதலா சமைக்கும் சார்."

எனக்குச் சாப்பாட்டுக்குப் பின் இருநூற்று எண்பது.
கேட்க ஆளில்லாமல்
ரத்தத்திலேயே சுற்றிச் சுற்றி வருகிறது.
போன அறுப்பில் இடது கட்டைவிரலில் தாள் குத்தியது
எனக்குத் தெரியவில்லை,
ஈக்குத் தெரிந்திருக்கிறது.
புண் கரையட்டுமென்று இவள்
வைத்தீஸ்வரன்கோயில் குளத்தில்
வெல்லம் கரைத்துவிட்டு வந்தாள்.
ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள்.

அந்தக் காலில் யூரியாச் சாக்கின் உள்பையைக் கட்டி
அறுப்புக்கு நிற்கும் நெல்லுக்குள்
மெழுகுபதத்தில் இறங்கி விதைத்தேன்.
சேற்றில் ஒரு தடம் கால்,
ஒரு தடம் பை.
கடைசி வரப்போரம் பொடி தொட்ட விதை தீர்ந்துபோனது.
மீதிக்குச் சும்மா உளுந்தை வீசினேன்.

நெல் போனது. பனி மட்டும் பெய்தது.
இருபத்தைந்தாம் நாள்
வரப்போரம் அங்கங்கே தலை சாய்த்திருந்தன,
பிடுங்கினால் கறுத்த வேர்.
நடுவயலில் ஒன்றைப் பிடுங்கினேன். பாவம்தான்.
வாய்க்காலில் அலசினேன்.
வேர் வெள்ளை, முடிச்சு முடிச்சாய்.
கண்ணுக்குத் தெரிகிற பச்சை எதுவுமில்லை.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
நாக்கில் வைத்தேன்.

மண்.
கொஞ்சம் துவர்ப்பு.
இனிப்பு துளிகூட இல்லை,
எல்லாம் கேட்டவனிடம் போய்விட்டிருந்தது.